உன் பெயர் இருந்த பக்கம்

கீழே அச்சகத்தில் இன்று பட்டாசு லேபிள் ஓடுகிறது. வார்னிஷ் வாடை மாடிப்படி ஏறி நம் அறைக்குள் வந்துவிட்டது. உனக்கு இந்த வாடை ஆகாது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ புள்ள, அந்த ஃபேன இங்கன திருப்பு, தலைய வலிக்கி" என்பாய். கை தானாகப் போய் மின்விசிறியை உன் நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டது. பிறகுதான் நாற்காலி காலி என்பது உறைத்தது. மறுபடி என் பக்கம் திருப்ப மனம் வரவில்லை. வேர்க்க விறுவிறுக்க இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திருத்தங்கலின் இந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு பட்டாசுக் கடைகளுக்கு இணையதளம் செய்துகொடுத்தோம். நிரல் என் வேலை, எழுத்து உன் வேலை. எல்லாக் கடையிலும் சரக்கு ஒன்றுதான், படமும் ஒன்றுதான், வர்ணனைகூட ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டிக்கொண்டது. நம் அண்ணாச்சி கடைக்கு மட்டும் நீ ஒவ்வொரு பட்டாசுக்கும் சொந்தமாக எழுதினாய். தரைச்சக்கரத்துக்கு எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: "சிமெண்ட் தரையில் நன்றாகச் சுற்றும். மண்ணில் வைத்துவிட்டு எங்களைத் திட்டாதீர்கள்." அதைப் படித்துச் சிரித்தபடியே ஃபோன் அடித்து ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் வேறு கடைகளும் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டன. உனக்கு வந்த கோபத்தில் மத்தியானம் நீ சாப்பிடவே இல்லை. "ஒத்த எழுத்து மாத்தல பாரு. நான் விட்ட பிழையக்கூட மிச்சம் வைக்காம அள்ளிட்டுப் போயிருக்காக" என்று சாயங்காலம் பஸ் ஏறுகிறவரை புலம்பினாய்.

அடுத்தவர் திருடியது ஒருபுறம். நம் தளத்திலேயே அந்தச் சக்கரப் பக்கம் விலை வரிசை வழியாகப் போனால் ஓர் இணைய முகவரி, பரிசுப் பெட்டி வழியாகப் போனால் வேறொரு முகவரி என்று நாலு இடத்தில் முளைத்திருந்தது. எது அசல் என்று தெரியாமல் தேடுபொறி எல்லாவற்றையும் பின்னால் தள்ளியது. அதற்குத்தான் கெனானிக்கல் டேக் போட வேண்டும் என்று நான் சொன்னபோது அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாய்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மூணு கடை இருக்கு. மெயின் கடை எதுன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்கீகல்ல, அதே மாதிரிதான். மத்த மூணு பக்கத்துலயும், அசல் அங்கன இருக்குன்னு ஒரு வரி எழுதி வைக்கோம். தேடுபொறி கண்ணுக்கு மட்டுந்தான் அது தெரியும். வாங்க வர்றவகளுக்குத் தெரியாது."

"யாரு கண்ணுக்கும் தெரியாத போர்டுக்கு எதுக்கும்மா கூலி?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். போர்டு மாட்டினோம். பக்கம் மேலே வந்தது.

அந்த சீசனில்தான் கீழேயிருந்து ஒரு லேபிளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாய். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். "இத அடிச்சவக பேரு இருக்கு. அம்புட்டையும் எழுதுன எம்பேரு இருந்தா என்னவாம்?" அண்ணாச்சியிடம் நீயே போய்க் கேட்டாய். போட்டுக்கோ தாயி என்றார். பட்டாசு விவரமெல்லாம் இருந்த பக்கத்தின் அடியில், 'எழுதியது' என்று உன் பெயரையும் ஊரையும் சேர்த்தேன். சில நாள் கழித்து உன் பெயரைத் தேடிப் பார்த்தாய். முதலில் அதுதான் வந்தது. உன் அம்மா அண்ணாச்சி கம்பெனியில் பட்டாசுக்குத் தாள் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து காட்டினாயாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. உன் பெயர் எது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார் என்று மறுநாள் சொன்னாய்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று லீவு சொன்னாய். இரண்டு நாளில் வந்துவிடுவேன், அதுவரை என் எழுத்தில் கை வைக்காதே என்றாய். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் உன்னைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். உன் வீட்டு வாசலில் யாரோ ஒருத்தி போலத்தான் நின்றேன். நான் உனக்கு யார் என்று அங்கே சொல்லிக்கொள்ள ஓர் உறவுமுறை என்னிடம் இல்லை.

இந்த வருஷம் அண்ணாச்சி மகன் புதுக் கம்பெனி தொடங்கி, புதுப் பெயரில் தளம் கேட்டார். நீ எழுதியதெல்லாம் வரிக்கு வரி அங்கே போனது. உன் பெயர் மட்டும் போகவில்லை. கேட்டுப் பார்த்தேன். "இல்லாதவக பேர எதுக்குக்கா வியாபாரத்துல போட்டுக்கிட்டு?" என்றார். கெட்ட பிள்ளை இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்காகப் பழைய தளமும் இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. இரண்டிலும் ஒரே எழுத்து. ஆகவே அசல் புதியதுதான் என்று பழைய பக்கத்தில் குறிக்க வேண்டும். குறித்தால் உன் பக்கம் அழியாது. முகவரி தெரிந்தவர் போகலாம். தேடுகிறவருக்கு மட்டும் வராது.

குறித்தேன். தேடுபொறி கேட்கவில்லை. அதற்கு அந்தக் குறி கட்டளை இல்லை, சிபாரிசுதான். எத்தனையோ ஊர்க்காரர்கள் தங்கள் தளங்களிலிருந்து பழைய பக்கத்துக்குத்தான் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். தேடுபொறி பார்ப்பதற்கென்று வைக்கும் முகவரிப் பட்டியலான தளத்தின் வரைபடத்திலும் பழைய முகவரியே இருந்தது. 'நீங்கள் சொன்னது வேறு, நாங்கள் அசல் என்று எடுத்துக்கொண்டது வேறு' என்று தேடுபொறியிடமிருந்து அறிக்கை வந்தது. உன் பக்கத்தைத்தான் அசல் என்றது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் அறையே ரெண்டுபட்டிருக்கும். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. சரிசெய்யத் தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

அண்ணாச்சி ஃபோன் செய்தார். "ஏம்மா, தேடுனா இன்னும் பழைய கடைதான் வருதாம். புது நம்பருக்கு ஒருத்தரும் அடிக்கல. அந்தப் புள்ள மேல ஒனக்கு இருக்கது எனக்கும் இருக்கு. ஆனா சரக்கு குடோன்ல கெடக்கே தாயி. வேல பாக்குறவகளுக்கு என்ன சொல்ல?"

வேலை பார்க்கிறவர்களில் உன் அம்மாவும் ஒருவர். வரைபடத்தில் முகவரிகளை மாற்றினேன். இணைப்புக் கொடுத்தவர்களுக்கு எழுதி, புது முகவரியைப் போடச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக உன் பக்கம் கீழே போனது. புது நம்பருக்கு அழைப்பு வரத் தொடங்கியது. மண்ணில் வைத்துவிட்டுத் திட்டாதீர்கள் என்று இப்போதும் யாரோ படித்துச் சிரிக்கிறார்கள்.

இன்று காலை உன் பெயரைத் தட்டித் தேடினேன். உன் பெயரில் ஒரு பல் மருத்துவர் வந்தார். பள்ளிப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு சிறுமி வந்தாள். ஊரையும் சேர்த்துத் தேடினேன். அந்த ஊருக்குப் போகும் பஸ்களின் நேரப் பட்டியல் வந்தது. நீ வரவில்லை. இனி உன்னைப் பற்றி யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். எல்லாம் சொல்லுவேன். யாரும் கேட்கவில்லை, புள்ள.