நான்கும் காலியாக வேண்டும்

சூரத்
4.6.1997

அன்புள்ள லலிதாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஆளில்லை.

கோச்சடை வீடுகளைப் பற்றித்தான் ஒரே யோசனை. நீ இருக்கும் முன்வீடு போக, பின்னால் உள்ள மூன்று வாடகை வீடுகளும் அப்பா போனபிறகு ஓர் ஓடுகூட மாற்றாமல் கிடக்கின்றன. இங்கிருந்துகொண்டு என்னால் கவனிக்க முடியாது. குடியிருப்பவர்களோடு அப்படியே விற்கலாம். பாதி விலைதான் தேறும். பழுது பார்த்துத் தனித்தனியாக விற்கலாம். அதற்குக் கையில் காசில்லை. இல்லையென்றால் எல்லாவற்றையும் இடித்து மனையாகத் தள்ளிவிட வேண்டும். உன் யோசனை என்ன?

உன்,
ராஜகுரு

கோச்சடை
12.6.1997

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சூரத் போன இந்த ஆறு வருடத்தில் இப்போதுதான் என்னிடம் யோசனை கேட்கிறீர்கள். அதற்கே சந்தோஷம்.

பாதி விலையானாலும் அப்படியே விற்றுவிடுங்கள். நடுவீட்டு ஒச்சாயி, தன் வீட்டைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். "இம்புட்டு வருசமா ஓட்டை மாத்தச் சொன்னோம்க்கா. இப்ப ஆளை மாத்தப் போறாராக்கும்" என்று கேட்டாள். 

இடிக்க மட்டும் வேண்டாம். என் அண்ணன் துளசிராம் கே.கே. நகரில் தன் வீட்டுக்கே வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் போகவில்லை. என்றைக்காவது நீங்கள் வந்து இறங்கும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது.

உங்கள்,
லலிதா

சூரத்
26.6.1997

அன்புள்ள லலிதாவுக்கு,

மனையாக வாங்க ஒருவர் கிடைத்துவிட்டார். நான்கும் காலியாக இருந்தால்தான் பத்திரம் பதிவாராம். ஆனி முடிவதற்குள் எல்லாரையும் கிளப்பிவிடு. நீ சொன்னால் கேட்பார்கள்.

இங்கே ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன். ஒற்றை அறைதான். எனக்குப் போதும்.

ராஜகுரு

கோச்சடை
5.7.1997

அன்புள்ள உங்களுக்கு,

பின்வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் வேறு வீடு பிடித்துவிட்டார்கள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

நான்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவது வீட்டில் இருப்பது நான். நான் எங்கே போகட்டும்? நேரில் என்றால் நாம் வீட்டில் பேசும் நம் பாஷையில் நன்றாகத் திட்டியிருப்பேன்; எழுத உட்கார்ந்தால் தமிழில் மரியாதையாகத்தான் வருகிறது. சூரத்துக்கு வா என்று ஒரு வரி எழுதுங்கள். ஒற்றை அறை எனக்கும் போதும்.

உங்கள்,
லலிதா

கோச்சடை
25.7.1997

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வரவில்லை. மனையை விற்றுத்தரும் புரோக்கர்தான் வந்தார். "சார் போன் பண்ணுனாரும்மா. நீங்க எப்ப காலி பண்றீங்க?" என்றார். ஒச்சாயியிடம் நான் கேட்ட அதே குரல். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அங்கே எல்லாரும் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒச்சாயி தன் புது வாடகை வீட்டில் எனக்கு ஓர் அறை ஒழித்துத் தந்திருக்கிறாள்.

ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று தெருவில் எல்லாரும் தடுத்தார்கள். புதுக்குடித்தனம் போகிறவர்கள்தான் நாள் பார்க்க வேண்டும், எனக்கெதற்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

லலிதாம்பாள்