கேபிளில் கோளாறு இல்லை

நீங்கள் கண்மூடி மூன்று மாதமாக யாரும் தொடாமல் கிடந்த உங்கள் கணினியை இன்று காலை இயக்கினேன். சூடேறிய தூசியின் வாடை ஹால் முழுக்கப் பரவியது. நம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் ஞாயிற்றுக்கிழமை வாடை.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்குத் தொலைபேசி லைனில் இணைத்து, இந்தக் கணினியை சர்வராகத் திறந்து வைப்பீர்கள். கிள்ளானிலிருந்து உங்கள் தம்பி குடும்பப் படங்களை ஏற்றுவார். லண்டனில் உங்கள் அக்கா இறக்கிக்கொள்வார். மாடியிலிருந்த என் கணினிக்கும் படிக்கட்டோரமாக ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, என் கணினி மட்டும் இணைய மறுத்தது. இணைந்த நொடியே அறுந்துபோனது.

"கேபிள்தான் லா, மேடம். எலி கடிச்சிருக்கும்," என்றீர்கள்.

"நம்ம வீட்டுல எலியா?"

"கான்வென்ட்ல படிச்ச எலி. சத்தம் போடாது."

நான் விடவில்லை. கேபிளை இரண்டு முறை மாற்றினேன். கணினிக் கடைக்காரரை வரவழைத்துத் திட்டினேன். நான் ஏறிய ஏணியை நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

இன்று சர்வரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். நாற்பது வருடம் உங்களோடு வாழ்ந்தவளின் பெயர். சேர்த்த தேதி, இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் அம்மாவைத் தகனம் செய்த மறுநாள்.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, கேபிள்ல ஒண்ணும் இல்ல. அண்ணன்தான் உங்கள ப்ளாக் பண்ணாரு. நீங்க படத்தையெல்லாம் அழிச்சீங்கல்ல."

அழித்தேன்தான், மாடியில் இருந்தபடியே. இடுப்பில் சாரம் கட்டி வெறும் மேலோடு ஒருவர், வாயில் சோற்றோடு சிரிக்கும் ஒருவர். இவையெல்லாம் லண்டனுக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். அலங்கோலமான பக்கத்தைக் கிழித்துப் போடத்தான் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

"அதுல அம்மா ஆஸ்பத்திரில இருந்த படமும் போச்சு, அண்ணி. கடைசிப் படம். ஆபீஸ் டிஜிட்டல் கேமராவுல எடுத்தது. சர்வர்ல ஏத்திட்டு கேமராவ காலி பண்ணிட்டேன்."

"வேற காப்பி?"

"இல்ல."

அக்காவிடம் லைன் சரியில்லை, படம் வந்து சேரவில்லை என்றீர்கள். என்னிடம் கேபிள் என்றீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அந்த ஏணியிலிருந்து கையையாவது எடுத்திருக்கலாம்.

பிற்பகலில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"லைன்ல கோளாறே இல்லக்கா. அத்தை படம் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

"அழிக்க நீ யாரு?" என்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நீ பாத்தியா அத?"

"பாத்துட்டுத்தான் அழிச்சேன்."

"அப்ப சொல்லு. எப்படி இருந்தாங்க?"

சொன்னேன். தலை சீவவில்லை, நரைமுடி இடது காதின் மேல் விழுந்திருந்தது. சட்டையில் மேல் பொத்தான் போடவில்லை. மடியிலிருந்த தட்டில் பாதிக் கஞ்சி. பல்செட் இல்லாத வாயால் சிரித்தபடி, படம் எடுப்பவரைக் கிட்டே வரச்சொல்லி ஒரு கையை நீட்டியிருந்தார். குறை தேடிப் பார்த்த கண், ஒன்றையும் விடவில்லை.

அக்கா அழுதார். அடுத்த ஞாயிறும் நான் கூப்பிட்டு மறுபடி சொல்ல வேண்டும் என்றார். அந்தப் படம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.