பாதிச் சிரிப்பு

ஜூன் 2, ஞாயிறு

ஆலய வாசலில் நின்று இன்றும் சிரித்துவிட்டு வந்தேன். கன்னம் வலிக்கிறது. வரவேற்புக் குழுத் தலைவி என்றால் சும்மாவா? கைகுலுக்க வேண்டும், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்க வேண்டும், போன வாரம் வராதவர்களைச் சிரித்துக்கொண்டே குத்த வேண்டும். "ஆளையே காணோமே, உடம்புக்கு ஏதாவதா?" இதை என்னைப் போலக் கேட்க இந்தச் சபையில் ஆள் கிடையாது.

போதகர் இந்த ஆண்டை 'மகிழ்ச்சியின் ஆண்டு' என்று அறிவித்திருக்கிறார். பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய பேனர். அதில் என் படம், எல்லாப் பல்லும் தெரிய. பொருளாளர் மனைவிக்கு வயிற்றெரிச்சல். "உங்களுக்கென்னக்கா, எப்பவும் சிரிச்ச முகம். எங்களுக்கெல்லாம் கவலை இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, இன்னிக்கு எல்லாரும் உன் பல்லைப் பாத்தாங்களா?" ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறவருக்கு ஊழியத்தின் அருமை எங்கே தெரியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஆலயத்துக்கு வருகிற மனுஷன்.

ஜூன் 5, புதன்

காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருக்கிறது. புருவம் ஏறவில்லை. கண் மூட மாட்டேன் என்கிறது. வாய் மொத்தமும் வலப்பக்கம் ஓடிப்போய் ஒதுங்கி நிற்கிறது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆணியில் கண்ணெதிரே தொங்குகிற வண்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடினார்.

டாக்டர் சொன்னார்: "பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலும்னா?"

"சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்னுடும்."

ஆண்டவரே, காலில் வந்திருக்கக் கூடாதா? நாற்காலி போட்டு உட்கார்ந்தாவது சிரித்திருப்பேனே.

ஜூன் 8, சனி

ஆறுதல் சொல்ல வந்தார்கள். முதலில் வந்தவர்கள், இதே நோய் வந்து கடைசிவரை குணமாகாத தங்கள் சித்தியின் கதையை விவரமாகச் சொல்லிவிட்டு, கவலைப்படாதீர்கள் என்றார்கள். அடுத்து வந்தவள் குரலைத் தாழ்த்தி, "மனசுல யாரையாவது மன்னிக்காம வெச்சிருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். அதுவரை இல்லை. அப்போதுதான் ஒரு ஆள் சேர்ந்தது.

கடைசியாக வந்த சபை மூப்பர் ஜெபித்தார். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், மருத்துவமனை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது வரை ஆண்டவருக்கு விளக்கினார். தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா. எல்லாரும் என் வலது கன்னத்தோடு மட்டும் பேசினார்கள்.

எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "யாரும் இல்ல. இப்ப சாப்பிடு." ஆட்கள் முன்னால் சாப்பிட முடியவில்லை. கவளம் இடது கன்னத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது, விரல் விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, யாரும் இல்லாத தெருவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 16, ஞாயிறு

பிடிவாதமாக வாசலுக்குப் போனேன். சிரித்தேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

போதகர் ஓரமாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன். நிக்கிறது சிரமமா இருக்கும்."

"கால் நல்லாத்தான் இருக்கு பாஸ்டர்."

"அதுக்கில்ல... புதுசா வர்றவங்க பாக்கிற முதல் முகம். மகிழ்ச்சியின் ஆண்டு வேற."

புரிந்தது. என் இடத்தில் பொருளாளர் மனைவி நின்றாள். வாடகை பாக்கி வசூலிக்க வந்தவள் மாதிரி ஒரு சிரிப்பு. ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, அதை மறுக்க முடியாது. சபை வாட்ஸ்அப்பில் எனக்காகக் கூப்பிய கைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கையாவது கதவைத் தட்டுமா என்று பார்க்கிறேன்.

பேனரில் மட்டும் நான் இன்னும் சிரிக்கிறேன். மாற்றினால் செலவாம்.

ஜூன் 18, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னை முன்மேசையிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டார் முதலாளி. "லென்ஸ் துடைக்க நம்பிக்கையான ஆள் வேணும்மா" என்றார். இத்தனை வருஷம் நம்பிக்கையில்லாத ஆளாகவா முன்னால் உட்கார்ந்திருந்தேன்?

ஜூன் 20, வியாழன்

பிசியோதெரபி தொடங்கியது. மருத்துவமனையின் பின்கட்டில் நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனோ அதற்கு எதிரே உட்காரவைத்து, "ஈ சொல்லுங்க, ஊ சொல்லுங்க, கன்னத்தை உப்புங்க" என்கிறாள் பயிற்சி தருகிற பெண். உப்பினால் காற்று இடப்பக்கமாகப் புஸ்ஸென்று போகிறது.

பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போனவர். மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "பஞ்சர் ஆன டயர் மாதிரியே சத்தம் வருதுங்க."

ஐந்தாறு பேர் இருக்கிற இடத்தில்! எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் அவர் என் இடது கன்னத்தைப் பார்த்துத்தான் பேசினார். இந்த இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் பார்த்துப் பேசிய முதல் ஆள்.

ஜூன் 27, வியாழன்

கூடத்தில் வியாழக்கிழமைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து, வண்டிக்குக் காத்திருக்கும்போது பெஞ்சில் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். தலைவர் கிடையாது, குழு கிடையாது. டிரைவர், இடது கை விளங்காத ஒரு தையல்காரம்மா, பிறகு ஓய்வுபெற்ற போதகர் ஐயாவும் அவர் மனைவியும்.

ஐயா பெரிய பிரசங்கியாக இருந்தவராம். பக்கவாதம் வந்து பேச்சு மொத்தமும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது: "சனியனே." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், நன்றி என்றாலும் அதுதான். இத்தனை வருஷம் வேதம் பேசிய வாயில் மிஞ்சியதைப் பாருங்கள். அவருடைய சபை ஒருமுறை ஆராதனைக்கு அழைத்துப் போனது. மறுமுறை அழைக்கவில்லை.

இன்று அவர் முறை. கண்ணை மூடினார். மெதுவாக, "சனியனே... சனியனே..." என்றார். கெஞ்சினார், கோபப்பட்டார், பிறகு ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி குரல் தணிந்தது. கன்னத்தில் கண்ணீர். ஐயாவின் மனைவி, அந்த அம்மா, அவர் முழங்காலில் கைவைத்து, "ஜெபம் பண்றாரு" என்று எனக்கு விளக்கினார்.

விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஜெபம் என் எல்லா வார்த்தைகளிலும் சேர்த்து இருந்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

இன்று என் முறை. "அன்பின் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக" என்று ஆரம்பித்தேன். வாசலில் நிற்கிற குரல் அப்படியே வந்தது. நின்றுவிட்டேன். தையல்காரம்மா, "என்னம்மா, இது நல்ல வேளையா?" என்று கேட்டாள்.

இல்லை, நல்ல வேளை இல்லை. ஆண்டவரே, எனக்குக் கோபமா இருக்கு. என் மூஞ்சியை எனக்குப் பாக்கப் பிடிக்கல. அவர் தினமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறார், அது அன்புன்னு தெரியுது, ஆனாலும் தாங்க முடியல. நீங்க எங்க இருக்கீங்க? — இப்படியே சொல்லி அழுதேன். இடது கண் தானாகவே எப்போதும் ஒழுகுவதால் பாதி அழுகை கணக்கில் வராது.

யாரும் வசனம் சொல்லவில்லை. தையல்காரம்மா தன் நல்ல கையால் என் தாடையில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். ஐயா பலமாக, "சனியனே!" என்றார். ஆமென்தான் அது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மனசு லேசாக இருந்தது. ஏன்? ஒன்றும் சரியாகவில்லையே?

ஜூலை 13, சனி

புருவம் ஒரு நூலளவு ஏறியது. டிரைவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அப்படியே ரிவர்ஸ் எடுத்துடாதீங்க" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், சாப்பிடும்போது ஜன்னலைப் பார்க்க வேண்டாம் என்று. திரும்பி உட்கார்ந்தார். "ஒழுகுது" என்றார். "தெரியும்" என்றேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 28, ஞாயிறு

போதகர் வீட்டுக்கு வந்தார். சபை ஆண்டுவிழாவில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம், ஆண்டவர் என்னைக் குணமாக்கினார் என்று.

"இன்னும் குணமாகலையே பாஸ்டர்."

"விசுவாசத்துல சொல்றதுதானே சாட்சி? கேமராவை உங்க வலது பக்கம் வைக்கச் சொல்லிட்டேன்."

ஒத்துக்கொண்டேன். மறுபடியும் மேடை, மறுபடியும் எல்லாரும் பார்க்கிற இடம். ஆசை யாரை விட்டது? நாக்கில் தேன் தடவிய மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

கூடத்தில் சொன்னேன். நாங்களும் வருவோம் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தையல்காரம்மா மட்டும் கேட்டாள்: "சரியாயிட்டுதுன்னா சொல்லப்போற?"

"பாதி சரியாயிட்டுதுன்னு சொல்வேன்."

"எந்தப் பாதி? வலது பாதிக்கு எப்பவுமே ஒண்ணும் இல்லையே."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு எழுத விடமாட்டேன் என்கிறது.

போதகர் எழுதிக்கொடுத்த தாளோடு மேடை ஏறினேன். கேமரா வலப்பக்கம். கடைசி வரிசையில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் விளங்காத கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டினார்.

தாளை மடித்தேன். கேமராவுக்கு இடப்பக்கத்தைத் திருப்பினேன்.

"என் முகம் குணமாகல. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இத்தனை வருஷமா வாசல்ல நின்னு உங்க எல்லாரையும் வரவேற்றேன். என்னை ஒருத்தரும் வரவேற்றதில்லைன்னு மூஞ்சி கோணின பிறகுதான் தெரிஞ்சது. இப்ப ஒரு இடத்துக்குப் போறேன். அங்க யாருக்கும் எதுவும் முழுசா இல்ல. அங்கதான் ஆண்டவர் என் பக்கத்துல உக்காந்திருக்கார்னு முதல்முறையா தெரிஞ்சது. முன்னால நான் அவரைப் பத்தி அறிவிப்புதான் சொல்லிட்டிருந்தேன்."

போதகர் வேகமாக வந்து மைக்கை வாங்கினார். நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே. கூட்டத்தைத் துழாவிய கண்ணில் ஐயா பட்டுவிட்டார். முகம் மலர்ந்தது. "நம்ம மத்தியில ஒரு மூத்த ஊழியர் வந்திருக்கிறார்! ஐயா ஒரு ஆமென் சொல்லி முடிச்சுவைப்பார்!"

அம்மா தலையை ஆட்டி, கையை ஆட்டி, எழுந்தே நின்றுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. மைக் ஐயாவிடம் போய்விட்டது. ஐயா கஷ்டப்பட்டு எழுந்தார். மகிழ்ச்சியின் ஆண்டுக்காக வாங்கிய புது ஸ்பீக்கர்கள்.

"சனியனே!"

கூரை எதிரொலித்தது. ஆராதனை முடிந்ததென்று நினைத்து ஆர்கன்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். டிரைவரின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அவ்வளவுதான். மேடையிலேயே சிரித்தேன். கோணல் வாய், ஒழுகுகிற கண், மூக்கிலிருந்து ஒரு சத்தம். எத்தனையோ ஞாயிறு சிரித்திருக்கிறேன். சிரிப்பு என்னைக் கேட்காமல் வந்தது இன்றுதான். ஐயாவும் சிரித்தார். பின்வரிசைகளில் யார்யாரோ சிரித்தார்கள். முன்வரிசை சிரிக்கவில்லை. முன்வரிசைக்குப் பொறுப்புகள் அதிகம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் அறிவிப்பு: "வரவேற்புக் குழு புதுப்பிக்கப்படுகிறது." கீழே கூப்பிய கைகள். பேனரைக் கழற்றிவிட்டார்களாம். செலவுக்கு வழி கிடைத்துவிட்டது போல.

வருத்தமா? தேடிப்பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

போதகர் கூடத்துக்கு வந்தார்! கண்டிக்க வந்தாரென்று நினைத்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஐயாவிடம், "அன்னிக்குத் தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிறகு போதகர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை முடிஞ்சு வீட்டுக்குப் போனா ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேசப் பிடிக்கலம்மா. சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது."

பயிற்சிப் பெண்ணிடம் சொல்லி, அவரையும் ஈ, ஊ சொல்ல வைத்தோம். நன்றாகவே சொன்னார்.

செப்டம்பர் 7, சனி

கூடத்தில் வர்ணம் பூசுகிறார்கள் என்பதால் இந்த வாரம் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினோம், வியாழனுக்குப் பதில் சனி. முகம் முக்கால்வாசி வந்திருக்கிறது. மிச்சம் வராது என்று டாக்டர் நினைக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நானே கேட்டு முன்மேசைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டுக்காரர் தேநீர் போடுகிறேன் என்று சமையலறையில் நின்றுகொண்டார். கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லையாம், வெறும் தேநீர்தானாம். கதவை மட்டும் சாத்தவேயில்லை.

ஐயா வீட்டில் பண்ணிய ஒரு கலாட்டாவை அம்மா சொன்னார். எல்லாரும் சிரித்ததில் பக்கத்து வீட்டம்மா வந்து எட்டிப்பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள். மாடிப்படியில் தலையாட்டுவதோடு சரி.

"என்னங்க விசேஷம்?"

"ஒண்ணுமில்ல, ஜெபக்கூட்டம்."

"ஜெபத்துக்கா இந்தச் சிரிப்பு?" உள்ளே ஒவ்வொருவரையும் பார்த்தாள். மடியில் கிடக்கிற கைகள், ஊன்றுகோல், என் வாய். தயங்கினாள். "நானும் உக்காரலாமா? எனக்கு வியாதின்னு ஒண்ணும் இல்ல..."

டிரைவர் உள்ளிருந்து சொன்னார்: "பரவாயில்ல, உள்ள வாங்க. தேடிக் கண்டுபிடிச்சிடலாம்."

அவள் சிரித்தாள். உட்கார்ந்தாள். அவர் கொண்டுவந்து கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். காரணம் யாரும் கேட்கவில்லை. தையல்காரம்மா நகர்ந்து உட்கார்ந்து, அவள் சாய்ந்துகொள்ளத் தன் நல்ல பக்கத்தைக் கொடுத்தாள்.