பத்து மணி டெர்மினும் இருபத்தேழு பேரும்

எந்த அரசாங்கமும் இனி விண்ணப்பப் படிவம் நீட்ட முடியாத இடத்தில் இருக்கும் என் அன்பு அத்தானுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்பது மடத்தனம்தான். இருந்தாலும் கேட்கிறேன். அங்கே மோட்ச வாசலில் இராயப்பர் திறப்போடு நிற்கிறார் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அவரோடும் சண்டை பிடித்தீர்களா? "என்னை உள்ளுக்கு விட நீர் ஆர்?" என்று கேட்டிருப்பீர்கள் என்று அக்காவும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. ஞாயிறு பூசை முடிந்து உங்கள் வீட்டு மேசையில் இருந்தால் எனக்கு எதிராகப் பேச ஒருவரும் இல்லை. அக்கா எதைச் சொன்னாலும் ஓம் என்கிறா. ஓம் என்கிற ஆளோடு என்னத்தைப் பேசுவது? தொலைக்காட்சியிலோ ஒரே அமளி. எல்லையில் யாரைச் சோதிப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது, அதைப் பொலிஸ் செய்வதா நகரசபை செய்வதா என்று கிழமைக்கு நாலு தரம் கூடியிருந்து கத்துகிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு இதற்குள் செருப்படி விழுந்திருக்கும்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. அத்தான், என் அக்காவின் கணவர், மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு வந்து ரூர்ப் பக்கத்து நகரம் ஒன்றில் தமிழ்க் கடை வைத்த மனிதர். கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. ஒருவர் வேலை கொடுக்கிறார், இன்னொருவர் அதைச் செய்கிறார், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன அலுவல் என்பது ஒன்றுதான் அவருடைய கொள்கை. அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவர். "ரெண்டு அரசாங்கம் கோவிச்சுக்கொண்டு இருந்தாத்தான் சனத்துக்கு ஒரு வாசல் திறக்கும்" என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். அகதி முகாமில் இருந்தபோது மாவட்டம் தாண்ட அனுமதி எடுக்கவேண்டும். எடுக்காமல் நண்பரின் கல்யாணத்துக்குப் போய், பொலிஸில் பிடிபட்டு, தாலி கட்டுவதைப் பார்க்காமலே திரும்பினார். அந்தக் கோபம் சாகும்வரை ஆறவில்லை.

நான் அதற்கு நேர்மாறு. ட்ராமில் டிக்கெட் சோதிக்கிறவள். டிக்கெட் இல்லாதவனைச் சும்மா விட்டால், எடுத்தவன் மடையனாகிவிடுவான் என்று நான் சொல்வேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ட்ராமாலை இறக்கினா அவன் அடுத்த தரிப்பிலை நிப்பான். நாட்டாலை இறக்கினா எங்கை நிப்பான், சொல்லு பாப்பம்" என்பீர்கள். அந்த இடத்தில் நான் எப்போதும் பேச்சை மாற்றி, மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்பேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். புளி அளவாகத்தான் இருந்தது.

சரி, செய்திக்கு வருகிறேன். றெஜினாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பிள்ளை, கோயிலில் கடைசி வாங்கில் இருந்து பாடுகிறவள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஐந்து வருடமாக டுல்டுங் என்ற அந்தக் காகிதத்தோடு இருக்கிறாள். இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. நீங்கள் போனபின் அக்காவுக்குக் கடையைத் தனியே பார்க்க ஏலாது. றெஜினா நல்லாய் றோல்ஸ் செய்வாள், கணக்காய் இருப்பாள், வரவும் விருப்பம். ஆனால் அவள் வேலை செய்ய வெளிநாட்டவர் அலுவலகம் அனுமதி தரவேண்டும். நீங்கள் கேட்கிற அந்த 'நடுவில் என்ன அலுவல்' அச்சொட்டாக எங்கள் கடை வாசலிலேயே வந்து நின்றது.

அனுமதி கேட்டு எழுதியதற்கு ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு டெர்மின் வந்தது, அதாவது நேரில் வரச்சொல்லி நாளும் நேரமும் குறித்த கடிதம். டுல்டுங் முடிகிறதும் அதே நாள். எங்கேயோ ஒரு நகரத்தில் டெர்மினுக்குப் போன ஒருவரை அப்படியே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று யாரோ இவளுக்குச் சொல்லிவிட்டார்கள். போகப் பயம். போகாவிட்டால் வேலையும் இல்லை, கையில் காகிதமும் இல்லை. துணைக்கு வரமுடியுமா என்று என்னைக் கேட்டாள். நான் லீவு எடுத்தேன்.

பிழை விட்டது உங்கள் மனைவி. ஞாயிறு பூசை முடிய அக்கா மைக்கைப் பிடித்து, வியாழன் பத்து மணிக்கு றெஜினாவுக்கு டெர்மின், எல்லாரும் செபித்துக்கொள்ளுங்கள் என்றா. அதோடு விட்டாவா? விலாசத்தையும் வாசித்தா. எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. பூசை முடிய நேரமும் இடமும் சொன்னால் அது கல்யாண வீடு, இல்லாவிட்டால் செத்த வீடு. செபிக்கச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வியாழன் காலை நானும் றெஜினாவும் போனால், அலுவலக வாசலில் இருபத்தேழு பேர். பெண்கள் பட்டுச் சேலை. ஆண்கள் கோட். பாட்டுக்குழுச் சூசையண்ணை மடு மாதாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டி நிறைய றோல்ஸ், ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி. றெஜினா வாயைப் பிளந்தாள், பிறகு அழுதாள், பிறகு ஒரு றோல்ஸ் சாப்பிட்டாள். உள்ளே நம்பர் எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு வெளியே நின்றாள். சூசையண்ணை மெல்லமாகச் செபமாலை தொடங்கினார்.

காவலாளி எட்டிப் பார்த்தார், எண்ணினார், தொலைபேசி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வட்டாரப் பொலிஸ்காரர் சைக்கிளில் வந்தார். கடைப் பலகையை நடைபாதையில் வைத்ததற்கு உங்களோடு மூன்று வருடம் வாதாடினாரே, அந்த நெட்டை மனிதர்தான். இது முன்னறிவித்தல் இல்லாத ஆர்ப்பாட்டம் போலத் தெரிகிறது, யார் இதற்குத் தலைவர் என்று கேட்டார். செபம் நின்றது. இருபத்தேழு பேரும் ஒருமிக்க என்னைப் பார்த்தார்கள். நானா தலைவி, அத்தான்! பிழையான வலயத்தில் போனவனுக்கும் தண்டம் எழுதுகிறவள்! வேறு வழியில்லை, நான்தான் என்றேன். உங்கள் கோரிக்கை என்ன என்றார். யோசித்துப் பார்த்தால் எங்களிடம் கோரிக்கை என்று ஒன்றுமே இல்லை. அவள் தனியே போகக்கூடாது என்று வந்தோம், அவ்வளவுதான் என்றேன். கோரிக்கை இல்லாவிட்டால் ஆர்ப்பாட்டமும் இல்லை, வாசலை மட்டும் மறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, சூசையண்ணை நீட்டிய றோல்ஸை வேண்டாம் என்று கையால் மறுத்தார்.

அப்போதுதான் பார்த்தேன், றெஜினாவைக் காணவில்லை. சீருடையைக் கண்டதும் ஓடிவிட்டாள். அவளுடைய நம்பருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான்.

மற்றவர்கள் கழிப்பறையில் தேடினார்கள். நான் ட்ராம் தரிப்புக்கு ஓடினேன். அது கடைசித் தரிப்பு, அங்கே வண்டி ஏழு நிமிடம் நிற்கும். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்பது மட்டும்தான் எனக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த விஷயம். பின்பெட்டியில் ஒடுங்கிப்போய் இருந்தாள். கையில் டிக்கெட். முத்திரை குத்திய டிக்கெட், அத்தான். உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் நின்று டிக்கெட் எடுத்து, குத்திவிட்டு ஏறியிருக்கிறாள். இருபத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ டிக்கெட் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

"அக்கா, என்னைப் பிடிக்கத்தானே வந்தவர்?" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். "உன்னையில்லை, என்னை. கேக்காமல் கூட்டம் கூட்டினதுக்கு நான்தானாம் தலைவி. நீ வந்து சொல்லாட்டி நான் தனிய மாட்டுப்படுவன்" என்றேன்.

அது பொய். அந்த மனிதர் அப்போதே எங்களை விட்டுவிட்டார். ஆனால் றெஜினா என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழும்பி என் கையைப் பிடித்தாள். "வாங்கோ அக்கா, நான் வந்து சொல்லுறன்" என்று என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் அந்தப் பொலிஸ்காரரிடம் நேரே போய், தன்னுடைய உடைந்த ஜெர்மனில், இந்த அக்கா நல்லவர், பிழை என்னுடையது என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

நம்பர் அடிக்க இருவரும் உள்ளே போனோம். மேசையில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், பல்வலியால் கன்னம் வீங்கியிருந்தது. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டா. டுல்டுங் இன்னும் ஆறு மாதம். கீழே ஒரே ஒரு வரி, கடையில் வேலை செய்யலாம் என்று. வெளியே வந்து காட்டியபோது சூசையண்ணை மாதா படத்தை உயர்த்திப் பிடித்தார். றோல்ஸ் பெட்டி காலி. திங்கட்கிழமை முதல் றெஜினா உங்கள் கடையில் நிற்கிறாள். கறிவேப்பிலையை நீங்கள் வைத்த இடத்திலிருந்து மாற்றிவிட்டாள். அக்கா அதற்கும் ஓம் என்கிறா.

இனி உங்களோடு பேசவேண்டிய இடம். மறுகிழமை அந்தப் பொலிஸ்காரர் கடைக்கு வந்தார். நான் நேரே கேட்டேன், இவளைத் திருப்பி அனுப்பக் கூட்டிப்போக அலுவலகம் உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால் வருவீர்களா என்று. வருவேன், அது என் வேலை என்றார். பிறகு, ஆனால் என்னைக் கூப்பிடக் கூடாது என்று நினைக்கிறேன், ஒரு தரம் அப்படி வந்தால் இந்தத் தெருவில் களவு போனாலும் அடிபட்டாலும் ஒருவரும் என்னிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். நீங்கள் இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? வேலையை விட்டுவிடும் என்றா? அவர் விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவர் சைக்கிளில் வருவாரா?

உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். சட்டம் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். நாளைக் காலையும் டிக்கெட் சோதிக்கத்தான் போகிறேன். ஆனால் வேலை செய்ய வந்தவளையும் வேலை கொடுக்க நின்றவளையும் இவ்வளவு நடுங்க வைத்ததற்கு ஒரு நியாயம் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

றெஜினாவை என் வீட்டு மேலறைக்குக் கூட்டிவந்துவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அத்தான். ஆறு மாதம் கழித்து அடுத்த டெர்மினுக்கும் நான் போவேன், அதற்கடுத்ததற்கும் போவேன். ஒரு விடிகாலையில் அந்த நெட்டை மனிதரே வந்து என் வீட்டு மணியை அடித்தால், கதவைத் திறப்பவள் நானாகத்தான் இருப்பேன். நீதிமன்றக் கட்டளை எங்கே என்று கேட்பேன். அவளுடைய வக்கீல் வந்து சேரும்வரை வாசலை விட்டு அசையமாட்டேன். அது சட்டத்துக்குள் வருமா வராதா என்று அன்றைக்கு நான் பார்க்கப்போவதில்லை.

உங்களோடு இன்னும் ஒத்துப்போகாத,
உங்கள் மனைவியின் தங்கை, உங்கள் ஒரே மச்சாள்
கிறேஸ்