ரோஜாத் தொட்டிக்குப் பின்னால்

பிப்ரவரி 9

பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். பங்கு இதழில் என் நகைச்சுவைப் பக்கத்துக்கு மூடுவிழா நடத்தப் போகிறார் என்று பயந்துகொண்டே போனால், இன்னொரு பக்கத்தையும் என் தலையில் கட்டுகிறார். கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தின் நினைவுச் சின்னங்களைப் பற்றி மாதாமாதம் எழுத வேண்டுமாம்.

"கொஞ்சம் பக்தியா எழுதும்மா."

"உயிரோட இருக்கவங்களப் பத்தி எழுதினாதான் ஃபாதர் சண்டைக்கு வர்றாங்க. இவங்க சமத்து."

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்தவர்களையே பார்த்துக் காலம் தள்ளுகிறவள் நான். வாயை மூடியவர்கள் ஒரு மாறுதல்.

பிப்ரவரி 21

முதல் சுற்று. மூக்குடைந்த கல் சம்மனசு ஒன்று, இறக்கை விரித்த தேவதூதன். இத்தனை வருடம் அழுது மூக்கைச் சிந்தினால் உடையாமல் என்ன செய்யும்? நங்கூரம் செதுக்கிய கப்பல் தலைவன் கல்லறை. பாவம், கடலில் சாகவில்லை, வயிற்றுப்போக்கில் போனான் என்று கல்லே காட்டிக்கொடுக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வியாபாரி ஒருவனின் தூண். முன்பக்கம் அவன். மற்ற மூன்று பக்கமும் அடுத்தடுத்துக் கட்டிய மூன்று மனைவிகள். மூவருக்குமே "ஈடு இணையற்ற துணைவி" என்று ஒரே வாசகம். தோட்டத்தின் காவலாளியும் நானும் சிரித்த சிரிப்பில் காக்காய்கள் பறந்துவிட்டன.

மார்ச் 4

முதல் கட்டுரை வந்தது. தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் இவர் அதை வாடிக்கையாளர்களுக்குப் படித்துக் காட்டினாராம். "என் பொண்டாட்டி எழுதினது" என்று ஒரே பீற்றல். அதைக் கேட்ட பிறகு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். என்னுடையதைத்தான். அழவில்லை, தூசி.

மார்ச் 16

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூக்குடைந்த சம்மனசைப் படம் எடுக்கப் போனேன். அதற்கு முன்னால் அக்காவின் கல்லறை. அக்கா என்றால் இவருடைய மூத்தாள். நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் சொல்வேன்; சண்டை போட வராத ஒரே சொந்தம். கல்லறையின் கால்மாட்டில் சிமெண்ட் தொட்டியில் ஒரு ரோஜா. ஞாயிறு பூசை முடிந்ததும் இவரே தண்ணீர் ஊற்றுவார், என்னை விடமாட்டார். அந்தத் தொட்டி படத்தை மறைத்தது.

"அத நகத்த வேணாம்மா. சார் திட்டுவாரு," என்றார் காவலாளி.

"உங்க சாரைத் திட்டத்தான நான் இருக்கேன். தள்ளுங்க."

தள்ளினார். பின்னால் கல்லில் இவருடைய பெயர். பிறந்த ஆண்டு. ஒரு கோடு. கோட்டுக்குப் பின் வெற்றிடம். அதற்குக் கீழே:

காத்திரு. வருகிறேன்.

நான் வருடாவருடம் மெழுகுவர்த்தி ஏற்றிய இடம்! என் புருஷன் ஏற்கெனவே அங்கே பாதி படுத்திருக்கிறார்!

மார்ச் 17

கேட்டேன்.

"அது அப்போ."

"கல்லுல அப்போ இப்போன்னு உண்டா?"

"பைத்தியக்காரன் மாதிரி இருந்தேன். உன்னத் தெரியவே தெரியாது எனக்கு."

"தெரிஞ்சப்புறம்? உளி கெடைக்கலையா, தொட்டிதான் கெடைச்சுதா?"

சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அழிச்சா அவள ரெண்டாவது தடவ பொதைக்கிற மாதிரி இருந்துச்சு."

"அப்ப நான் எங்க?"

"உனக்கென்ன, நீ எங்க எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் வருவ."

அவர் சிரித்தார். வழக்கமாக நான் சிரிக்கிற இடம் அது.

மார்ச் 23

சாமியாரிடம் யாரோ சிநேகிதிக்காகக் கேட்பதுபோல் விசாரித்தேன். பழைய தோட்டத்தில் குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு மட்டும் இடம், ஒரு கல்லறையில் இருவர்தான். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையைத் தாண்டிப் புதுத் தோட்டம். "அமைதியான எடம்மா. பஸ்ஸும் போகுது."

பஸ் போகிறதாம். நான் எங்கே ஏறி எங்கே இறங்கப் போகிறேன் ஃபாதர்?

அந்த வியாபாரியின் மூன்றாவது மனைவியை நினைத்தேன். அவளுக்குத் தூணில் ஒரு பக்கமாவது கொடுத்தானே அந்தப் படுபாவி.

ஏப்ரல் 11

எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. "ஒருத்தியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தும் கனவான். தூரப் பார்வை, கிட்டப் பார்வை இரண்டுக்கும் கண்ணாடி விற்பவர்." சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இதில் பக்தி எங்கே என்று கேட்கவே இல்லை.

மே 8

இதழ் வந்ததிலிருந்து ஊரே போய் அந்தக் கல்லறையைப் பார்க்கிறது. நாத்தனார் போன் போட்டாள்.

"அண்ணி, வயிறு குளுந்துச்சா? கல்லுல சீட்டு ஒட்டியிருக்காங்க. 'இன்னும் எவ்வளவு நேரம்'னு எழுதி. எங்கண்ணன விடுங்க. செத்துப்போன அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

போனை வைத்துவிட்டு இதழைக் கவிழ்த்து வைத்தேன்.

மே 15

கடையில் ஒருவன், "எப்ப சார் கெளம்புறீங்க?" என்றானாம். இவர் அவனுக்கு ஃப்ரேமைச் சரிசெய்து கொடுத்து அனுப்பியிருக்கிறார். என்னிடம் கத்தவில்லை. கத்தித் தொலைத்தால் என்ன? படுக்கப் போகும்போது மட்டும் சொன்னார்: "அவளப் பத்தி எழுதின. என்னப் பத்தி எழுதின. நாம ரெண்டு பேரும் இத்தன வருஷம் ஒண்ணா இருந்தத ஒரு வரி எழுதலியே."

மே 18

ஞாயிறு. பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜூலை 6

இன்றும்.

செப்டம்பர் 27

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "புதுத் தோட்டத்துல ரெண்டு பேருக்கு எடம் பதிஞ்சிட்டேன். உனக்கும் எனக்கும். பக்கத்துப் பக்கத்துல."

நான் கேட்டது இதுதானே? இதுதான். "கல்லுல என்ன எழுதணும்?" என்றேன், விளையாட்டாக.

"எழுதறது உன் வேல," என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்; கடைக்குக் கிளம்பி வாசலைத் தாண்டிய பிறகுதான் மாட்டிக்கொண்டார். கழற்றினால் அவருக்கு எதிரில் இருக்கிற முகம் தெரியாது.

நவம்பர் 2

இறந்தோர் தினம். கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்கள். இவர் வரவில்லை, தலைவலியாம். தனியாகப் போனேன்.

பார்க்க வந்த கூட்டம் உதைத்துத் தள்ளிய தொட்டி ஓரமாகக் கிடந்தது. ரோஜா பாதி குச்சி. கல்லில் சீட்டு ஒட்டிய பசை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அவருடைய பெயர், கோடு, கீழே அந்த வரி, வெயிலில் பளிச்சென்று.

இவர் வரப்போவதில்லை என்று அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காவலாளியைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை இழுத்து அந்த வரிக்கு முன்னால் வைத்தோம். என்ன கனம்! குடத்தில் இருந்த தண்ணீரை முழுக்க ஊற்றினேன்.

"சார் இனிமே வரமாட்டாராம்மா?" என்றார்.

"இனிமே ஞாயித்துக்கெழம நான் வர்றேன்," என்றேன்.