டீத் தட்டில் வந்த மாத்திரை

உன்னைக் கொன்றது உன் முதுகு இல்லை, அண்ணா. நீ மூட்டை தூக்கிய ரைஸ் மில்லில் டீயோடு சேர்த்து நீட்டினார்களே, அந்த வலி மாத்திரை. வருடக்கணக்கில் விழுங்கினாய். சிறுநீரகம் போனது, நீயும் போனாய். மில் மட்டும் ஓடுகிறது.

இன்று காலை லேபில் உறைபெட்டியைத் திறந்தேன். நீ கடைசியாக வாங்கித் தந்த ஆட்டு முதுகெலும்பு கிடந்தது. பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்து: ‘கெய ஆடு’. கிழ ஆடு என்பதை நீ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய்.

ஆரணி கறிக்கடையில் எனக்காக நீ போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் கை பழக்கத்தில் துண்டு போட்டுவிடும். “சூப்புக்கு இல்ல பாய், காலேஜுக்கு! வெட்டாம முழுசா குடு!”

பிறகு என்னிடம் திரும்புவாய். “இன்னா டாக்டரம்மா, ஆட்டுக்கு இன்னா வியாதி?”

“ஒண்ணுமில்ல. அதோட முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற வட்டும் உன்னுதும் கிட்டத்தட்ட ஒண்ணு.”

“என்னையே ஆடுன்னு சொல்லிகினு கீறியா?”

ஒருநாள் ஆட்டுக்குட்டியின் வட்டை அறுத்துக் காட்டினேன். நடுவில் வெள்ளைக் கூழ், பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சுற்றிலும் கொலாஜன் நார் வளையம். கிழ ஆட்டில் அந்தப் புரதம் குறைந்து, கூழ் வறண்டு, மஞ்சளாகக் கிடந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாய்.

“இதுவும் மூட்ட தூக்கிச்சா?”

நான் சிரிக்கவில்லை. “மாத்திரை வலிய மறைக்கும். போன தண்ணியத் திருப்பித் தராது. விட்டுடு.”

“உட்டா நாளைக்குக் குனிய முடியாது. குனியலன்னா வேல ஏது?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை. அதனால் இன்று மதியம் பஸ் ஏறி மில்லுக்கே போனேன். டீ வந்தது. அதே தட்டு, கிளாஸ்களுக்குப் பக்கத்தில் அதே மாத்திரை அட்டை. உன் இடத்தில் நின்ற ஆள் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“உக்காரும்மா, டீ சாப்டு” என்றார் முதலாளி. உன் பொட்டலத்திலிருந்து எடுத்த வட்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தட்டின் நடுவில் வைத்தேன்.

“இன்னாம்மா இது?”

சொன்னேன், ஒன்று விடாமல். அவர் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. கறிக்கடையில் நீ போட்ட சத்தம் என் தொண்டையில் இருந்தது; அதிலேயே கேட்டேன்:

“மூட்டை எடையப் பாதியாக்குங்க. இந்தத் தட்டுல இனிமே டீ மட்டும்தான் வரணும். எப்பலேர்ந்துன்னு இப்பவே சொல்லுங்க.”