சிவப்புத் துணியில் வந்த சோறு

ஆவணி 6, திங்கள்

வானம் மப்பு. இரண்டு தூறல். மிளகாய் மூட்டைகளை உள்ளே தள்ளியதில் இடுப்புப் பிடிப்பு.

மாலைதீவுப் பாய்க்கப்பல் இன்றும் தப்பியது. துறைமுகக் கொடிமரத்தின் தெற்குக் கையில் கொடி ஏறியதுமே ஓடினேன். வள்ளம் பிடித்துப் போனால், எதிர்க்கடைக் கந்தப்பர் ஏற்கெனவே கப்பலில். நல்ல மாசிக் கருவாடு முழுவதும் அவருக்கு. எனக்குத் தூள். இந்தப் பருவத்தில் மூன்றாவது தடவை.

"என்ன அண்ணை, கொடியை நித்திரையில பாத்தனியளோ?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நீராவிக் கப்பலுக்குத் தந்தி முந்தி வந்துவிடும். பாய்க்கப்பலுக்குக் கொடிமரம்தான் தந்தி. துறைமுகத்து வியாபாரிகள் தலைமுறையாக அதைப் பார்த்தே ஓடியவர்கள். அதையும் முந்துகிறவர் மனிதரா, பேயா?

ஆவணி 8, புதன்

வெயில். வாங்க: சணல் கயிறு, தராசுக்கு எண்ணெய், வீட்டுக்காரிக்கு முழங்கால் தைலம்.

கந்தப்பர் கடை எங்களுக்கு எதிரே. காலையிலிருந்து கவனித்தேன். கொடிமரப் பக்கம் திரும்புவதே இல்லை. எதிர்பார்ப்பது சோற்றுக்காரனைத்தான். வெள்ளவத்தை வீட்டுச் சோறு ரயிலில் வந்து, பதினொன்றே காலுக்குக் கடைக்கு வரும். இன்று வெள்ளைத் துணியில் கட்டு, ஆறுதலாகச் சாப்பிட்டார். திங்களன்று சிவப்புத் துணி. பிரிக்காமலே மேசையில் கிடந்தது. அன்று கண்ணில் பட்டும் மூளையில் ஏறவில்லை: சிவப்பென்றால் கப்பல்.

வெ.வத்தையில் அவர் வீடு ரயில் பாதையை ஒட்டி, முன்னால் கடல். தெற்கிலிருந்து வரும் பாய் அங்கே முதலில் தெரியும். கொடிமரத்தில் இருப்பவர்கள் கப்பல் கிட்ட வந்து நிச்சயமான பிறகே கொடி ஏற்றுவார்கள்.

கட்டி அனுப்புவது யார்? மகன் சிவத்தை நாளை அனுப்பிப் பார்க்கவேண்டும்.

ஆவணி 12, ஞாயிறு

சிவம் மூன்று நாளாகப் போய்வருகிறான். மூன்று நாளும் ஒரே பதில்: "இன்னும் வடிவாத் தெரியேல்லை அப்பா." ஆனால் புதுச் சட்டை. தலைக்கு வாசனை எண்ணெய்.

வீட்டுக்காரி: "இஞ்சாருங்கோ, உங்கட பெடியன் கப்பல் பாக்கப் போகேல்லை."

அதட்டிக் கேட்டதும் ஒப்புக்கொண்டான். சோறு கட்டுகிறவள் கந்தப்பரின் மகள் பாக்கியம். தூரத்தில் பாயின் வடிவத்தைப் பார்த்தே எந்த ஊர்க் கப்பல் என்று சொல்லிவிடுவாளாம். எனக்கு அது போதும். சாதகமும் பார்க்கவேண்டும் என்கிறாள் வீட்டுக்காரி.

ஆவணி 13, திங்கள்

சுற்றி வளைத்துப் பழக்கமில்லை. கந்தப்பர் கடைக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"பொம்பிளை கேக்கிறியளோ, கொடிமரம் கேக்கிறியளோ?"

"ரெண்டும்தான்."

வெகுநேரம் சிரித்தார். பிறகு: "அவள் என்ர சொல்லுக் கேக்கிறவள் இல்லை அண்ணை. இண்டைக்குப் போய்ச் சொல்லுறன். விருப்பமெண்டால் நாளைக்கு உங்கட கடைக்கும் சோறு வரும். வராட்டி மனசில வையாதேங்கோ."

சிவத்துக்குப் பசியில்லையாம்.

ஆவணி 14, செவ்வாய்

நல்ல காற்று. சிவம் ஒரே தராசை மூன்று தடவை துடைத்தான். பதினொன்றே கால். சோற்றுக்காரன் எதிர்க்கடைக்குள் போனான். வெளியே வந்தான். சற்று நின்றான். தெருவைக் கடந்தான்.

"முதலாளி, பத்," என்று சிங்களத்தில் சொல்லிச் சோற்றுப் பொதியை என் மேசையில் வைத்தான்.

சிவத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் துணியின் நிறம் பிந்தித்தான் தெரிந்தது. சிவப்பு.

கொடிமரத்தில் இன்னும் ஒன்றுமில்லை. செருப்பைப் போட்டும் போடாமலும் ஓடினேன். வள்ளத்தில் ஏறினால், உள்ளே சம்பந்தி, அவரும் சாப்பிடாமல். "கொஞ்சம் தள்ளி இருங்கோ," என்றேன்.